செம்பு புறப்பட்ட தீவு

நாகசாகி நகரில் டெஜிமா என்ற டிராம் நிறுத்தத்தில் இறங்குகிறவர்களுக்குக் கடல் கண்ணில் படுவதில்லை. வடக்கே கரை கட்டிய ஓர் ஆறு, மற்ற மூன்று புறமும் சாலைகளும் அலுவலகக் கட்டடங்களும். நடுவே ஓட்டுக்கூரை வேய்ந்த மரவீடுகளும் வெள்ளைச் சுவர்க் கிடங்குகளும் இருமருங்கும் நிற்கும் ஒரே ஒரு தெரு. 1641 முதல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஜப்பானில் ஓர் ஐரோப்பியக் கப்பல் சட்டப்படி வந்து சரக்கு இறக்க முடிந்த ஒரே இடம் இந்தத் தெருதான். அப்போது இது தீவாக இருந்தது. இன்று நகராட்சியின் பொறுப்பில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகமாக இருக்கிறது.

நாகப்பட்டினத்துக்காரன் என்ற முறையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எனக்குப் புதிய பெயர் அன்று. 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து எங்கள் ஊரைப் பிடித்துக்கொண்ட அந்தக் கம்பெனி, 1690இல் சோழமண்டலக் கடற்கரைக்கான தன் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றியது. 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை அங்கிருந்தே துணி வாங்கிற்று. அதே கம்பெனிக்கு டெஜிமா வாணிகச் சங்கிலியின் கிழக்குக் கோடி. அந்தக் கோடியில் எங்கள் கரையின் தடயம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் ஆவல்தான் என்னை அங்கே கொண்டுபோனது.

தீவைக் கட்டியது டச்சுக்காரர் அல்லர். அவர்களுக்காகக் கட்டப்பட்டதும் அன்று. நகருக்குள் கலந்து வாழ்ந்த போர்ச்சுக்கீசியரை ஓரிடத்தில் அடைத்துவைத்துக் கிறித்தவ மதம் பரவாமல் தடுக்க வேண்டும் என்பதற்காக ஷோகன் (நாட்டை உண்மையில் ஆண்ட படைத்தலைவர்) இயெமிட்சுவின் அரசு இதற்கு உத்தரவிட்டது. 1634இல் தொடங்கி 1636இல் முடிந்த அந்த வேலைக்குப் பணம் போட்டவர்கள் நாகசாகியின் 25 பெருவணிகர்கள். விசிறியை விரித்துவைத்த வடிவில், கடலைப் பார்த்த தென்புறம் 233 மீட்டரும் நகரைப் பார்த்த வடபுறம் 190 மீட்டரும் அகலம் ஏறத்தாழ 70 மீட்டருமாக அமைந்த நிலம். மொத்தம் ஒன்றரை ஹெக்டேர்தான். கிறித்தவக் குடியானவர்கள் பெருமளவில் சேர்ந்த ஷிமாபாரா கிளர்ச்சிக்குப் பிறகு 1639இல் போர்ச்சுக்கீசியர் அடியோடு வெளியேற்றப்பட, தீவு காலியாயிற்று. முதலீடு செய்த 25 பேருக்கும் வாடகை வேண்டுமே! வடக்கே ஹிராடோ தீவில் ஓரளவு சுதந்திரமாக வாணிகம் செய்துகொண்டிருந்த டச்சுக்காரரை 1641இல் இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். ஆண்டு வாடகை 55 கன்மே வெள்ளி, அதாவது 200 கிலோவுக்குச் சற்று அதிகம்.

ஹிராடோவிலிருந்து அவர்களைக் கிளப்பக் கிடைத்த சாக்கு என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. அங்கே கம்பெனி 1639இல் கல்லால் பெரிய கிடங்கு ஒன்றை எழுப்பி, அதன் முகப்பில் கட்டிய ஆண்டைப் பொறித்திருந்தது. கிறிஸ்து பிறந்ததிலிருந்து எண்ணும் ஆண்டு அது. அந்த எண்ணே கிறித்தவத்தின் அடையாளம் என்று சொல்லி, கிடங்கை இடிக்கும்படி அரசு ஆணையிட்டது. அப்போது கம்பெனியின் ஹிராடோ நிலையத்துக்குத் தலைவராக இருந்த பிரான்சுவா காரோன் ஜப்பானிய மொழியும் நாட்டு நடப்பும் அறிந்தவர். அவர் ஒரு சொல்கூட எதிர்த்துப் பேசாமல் உடனே இடித்துத் தள்ளினார். அந்தப் பணிவுதான் கம்பெனியை ஜப்பானில் நிலைக்க வைத்தது. அதே கம்பெனி இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் ஜாதிக்காய்க்காகச் செய்த கொடுமைகளை அறிந்தவர்கள், ஆசியாவின் ஓர் அரசிடம் அது இவ்வளவு அடங்கி நடந்ததை டெஜிமாவில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடக்கம் அன்றாட வாழ்க்கை முழுவதிலும் இருந்தது. கரையையும் தீவையும் இணைத்த சிறு கல்பாலத்தின் முனையில் அக்காலத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நின்றது. கணிகையர் தவிர வேறு பெண்கள் நுழையக் கூடாது. கோயா மலைப் பௌத்தத் துறவிகள் தவிர வேறு துறவிகள் நுழையக் கூடாது. காணிக்கை திரட்டுவோரும் பிச்சைக்காரரும் கூடாது. தீவைச் சுற்றி நட்ட கம்பங்களுக்கு உள்ளேயும் பாலத்தின் அடியிலும் படகு போகக் கூடாது. அனுமதியின்றி டச்சுக்காரர் தீவை விட்டு வெளியே வரக் கூடாது. கப்பல் வந்தால் கிறித்தவ நூல்களைப் பீப்பாயில் இட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். தீவில் ஆண்டு முழுவதும் தங்கிய ஐரோப்பியர் பத்துப் பதினைந்து பேர்தான். அவர்களைக் கண்காணிக்கவும் அவர்களுக்குச் சமைக்கவும் மொழிபெயர்க்கவும் சரக்கை எடைபோடவும் அவர்களைப்போலப் பல மடங்கு ஜப்பானியர் காலையில் வந்து மாலையில் போனார்கள்.

இப்போதைய டெஜிமாவைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வாணிகக் காலத்து மரவீடுகள் எவையும் தப்பிப் பிழைத்தவை அல்ல, எல்லாம் மறுகட்டமைப்புகள். 1859இல் வாணிக நிலையம் மூடப்பட்ட பின் சுற்றிலும் கடல் தூர்க்கப்பட்டது. 1888இல் நாகாஷிமா ஆற்றைத் திருப்பிவிட்டபோது தீவின் வடகரை ஏறத்தாழ 18 மீட்டர் அளவுக்கு வெட்டி எடுக்கப்பட்டது. பழைய கல்பாலமும் போயிற்று. 1904இல் துறைமுகச் சீரமைப்பு முடிந்தபோது தீவு இருந்த சுவடே மறைந்தது. 1922இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தார்கள் என்றாலும், அந்த நிலத்தில் தனியார் வீடுகளும் கடைகளும் இருந்தன. நகராட்சி 1950களில் தொடங்கி மனை மனையாக விலைக்கு வாங்கி, 2001இல்தான் முழு நிலத்தையும் பொதுச் சொத்தாக்கி முடித்தது. அரை நூற்றாண்டு! எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், மேயர் மாறினாலும், ஒரு நகராட்சி ஒரே வேலையைக் கைவிடாமல் செய்திருக்கிறது என்பது எனக்கு அங்கே பார்த்த எந்தக் கட்டடத்தையும் விடப் பெரிய காட்சியாகப் பட்டது.

கட்டடங்களை எழுப்பியது அதற்குப் பிறகுதான் என்றில்லை. 1996இல் தொடங்கிய பணியில் 2000இல் ஐந்தும் 2006இல் ஐந்தும் 2016இல் ஆறுமாகத் திறந்தார்கள். அகழாய்வில் கிடைத்த அடித்தளக் கற்களின் மேல், பழைய ஓவியங்களையும் நெதர்லாந்தின் லைடன் நகரில் உள்ள ஒரு மாதிரியையும் ஒப்பிட்டுக் கட்டியிருக்கிறார்கள். 1817 முதல் 1823 வரை இங்கே தலைவராக இருந்த யான் காக் பிளோம்ஹோஃப் நாகசாகிக் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்து எடுத்துச்சென்ற மாதிரி அது. கதவு, சன்னல், படிக்கட்டு வரை அதில் இருந்ததால்தான் இன்றைய தச்சர்களுக்கு அளவு கிடைத்தது. ஏற்றுமதிக்கு ஒன்றும் இறக்குமதிக்கு ஒன்றுமாக இரண்டு வாய்கள் கொண்ட கடல்வாயிலும் மேற்கு ஓரத்தில் இப்படித்தான் மீண்டும் எழுந்து நிற்கிறது. அதன் முன்னால் இப்போது ஓடுவது டிராம். எது 17ஆம் நூற்றாண்டுக் கரைச்சுவரின் மூலக் கல், எது நேற்று வைத்த கல் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும்படி வைத்திருக்கிறார்கள். பழமை என்று நம்மை நம்பவைக்கும் முயற்சி எங்கும் இல்லை. அந்த நேர்மைக்காகவே இந்த இடத்தை எனக்குப் பிடித்திருக்கிறது.

2017 நவம்பரில் திறந்த பாலமும் அதே மனப்பான்மையில் எழுந்ததுதான். ஆறு அகன்றுவிட்டதால் பழைய சிறு கல்பாலத்தைத் திரும்பக் கட்ட வழியில்லை. 38.5 மீட்டர் நீளமுள்ள எஃகு நடைபாலம் ஒன்றை நகரப் பக்கக் கரையிலேயே பாரம் வைத்துப் பிடித்து, தீவின் புராதன மண் சுமை தாங்காதபடி வடிவமைத்திருக்கிறார்கள். பழையது போன்ற ஒரு போலிக் கல்பாலத்தை விட இது எவ்வளவோ மேல். ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பிறகு டெஜிமாவுக்குள் பாலத்தின் வழியாகப் போக முடிகிறது.

உள்ளே பெரும்பாலோர் முதலில் போவது கப்பித்தான், அதாவது டச்சு நிலையத் தலைவர், வாழ்ந்த இல்லத்துக்கு. தீவிலேயே பெரிய கட்டடம் அது. கீழே கிடங்கு, மேலே குடியிருப்பு. மாடியில் ஏறியதும் கண்ணில் படுவது சுவர்: ஜப்பானிய வீடுகளில் தள்ளுகதவுகளுக்கு ஒட்டுகிற கராகாமி என்னும் அச்சுப் பூக்காகிதத்தை டச்சுக்காரர் தங்கள் ஊர் வழக்கப்படி சுவர் முழுவதும் ஒட்டியிருக்கிறார்கள். அறைக்கு அறை பூவும் நிறமும் வேறு. கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரே பூ கட்டையால் மீண்டும் மீண்டும் ஒற்றப்பட்டிருப்பதும், ஒவ்வோர் ஒற்றலிலும் பளபளக்கும் பொடி சற்றே கூடியும் குறைந்தும் படிந்திருப்பதும் தெரிகிறது. தரையில் கோரைப்புல் தத்தாமிப் பாய். பாயின் மேல் நாற்காலி மேசை. பெரிய அறையில் விருந்து மேசை அலங்கரித்து வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடத் தடை இருந்ததால், குளிர்காலக் கதிர்த்திருப்ப நாள் விருந்து என்று பெயர் சூட்டி அதையே கொண்டாடினார்களாம். மதத்தைத் துறக்காமலும் சட்டத்தை மீறாமலும் நடத்திய விருந்து.

அந்த வீட்டில் தங்க முடியாமல் போன ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே குறிப்பிட்ட பிளோம்ஹோஃப் 1817இல் பதவியேற்க வந்தபோது மனைவி டிட்டியா பெர்க்ஸ்மாவையும் கைக்குழந்தையையும் உடன் அழைத்து வந்தார். கணிகையர் அல்லாத பெண்ணுக்கு இடமில்லை என்ற விதியில் ஷோகனின் அரசு மாற்றம் செய்யவில்லை. சில மாதங்களில் அவர் குழந்தையோடு திரும்பும் கப்பலில் ஏற்றப்பட்டார், 1821இல் இறந்துபோனார், கணவனும் மனைவியும் மறுபடி சந்திக்கவே இல்லை. அந்தச் சில மாதங்களில் நாகசாகி ஓவியர்கள் ஐரோப்பியப் பெண் ஒருத்தியை முதன்முறையாக நேரில் கண்டு ஆர்வத்தோடு வரைந்து தள்ளினார்கள். அவருடைய உருவம் அச்சுப்படங்களிலும் பாத்திரங்களிலும் பரவி நின்றுவிட்டது.

பழைய ஓவியங்களில் இன்னொரு கூட்டமும் தெரிகிறது. குடை பிடித்துக்கொண்டும் தட்டு ஏந்திக்கொண்டும் எசமானர்களின் பின்னால் வெறுங்காலுடன் நிற்கும் கருநிறத்தவர். கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கொண்டுவரப்பட்ட அடிமைகள் இவர்கள். கம்பெனி தன் அடிமைகளை இந்தோனேசியத் தீவுகளிலிருந்து மட்டும் பிடிக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலத்தில் பஞ்சமும் போரும் வந்த காலங்களில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஆயிரக்கணக்கானோரை வாங்கி பத்தாவியாவுக்கு ஏற்றியது. கப்பித்தான் வீட்டின் பூக்காகிதத்துக்குக் கொடுத்திருக்கும் கவனத்தில் ஒரு பங்கையாவது அருங்காட்சியகம் இந்த மனிதர்களுக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

டெஜிமாவின் உண்மையான நாயகர்கள் என்று நான் நினைப்பது துபாஷிகளை, அதாவது மொழிபெயர்ப்பாளர்களை. நம் கடற்கரையில் துபாஷி என்றால் பெரும்பாலும் தாமே வணிகராகவும் இருந்தவர். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை அப்படிப்பட்டவர். நாகசாகித் துபாஷிகளோ அரசு ஊழியர்கள். யோஷியோ, மொடோகி, நிஷி போன்ற சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பதவியை வகித்தன. ஆண்டுதோறும் கோடையில் கப்பல் வந்ததும், உலகில் எங்கே போர், யார் புதிய அரசர் என்று கப்பித்தான் சொல்வதைக் கேட்டு மொழிபெயர்த்து ஷோகனின் தலைநகரான எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) அனுப்புவது இவர்கள் வேலை. தொழிலுக்காகக் கற்ற மொழியில் அறிவியலையும் படிக்கத் தொடங்கினார்கள். கோப்பர்நிக்கசின் சூரியமையக் கொள்கையை 1774இல் மொழிபெயர்த்து ஜப்பானில் அறிமுகம் செய்த மொடோகி ரியோயெய் ஒரு துபாஷி. நியூட்டனின் இயற்பியலைத் தம் மொழியில் எழுதிய ஷிசுகி டடாவோ, உடல்நிலையைக் காரணம் காட்டித் துபாஷிப் பதவியிலிருந்து விலகி வாழ்நாளை மொழிபெயர்ப்பில் செலவிட்டவர். டெஜிமாவில் பணியாற்றிய கெம்ஃபர், துன்பெர்க், சீபோல்ட் ஆகிய மருத்துவர்களின் புகழ் உலகெங்கும் பரவியிருக்கிறது. முன்னவர் இருவருக்காகவும் சீபோல்ட் 1826இல் நாட்டிய நினைவுக்கல் தோட்டத்தில் இன்றும் நிற்கிறது. துபாஷிகளுக்கு அப்படி ஒரு கல்லை அங்கே நான் பார்க்கவில்லை.

இனி செம்பு. தெருவின் கிழக்குப் பாதியில், 2016இல் கட்டி முடித்த செம்புக் கிடங்கு இருக்கிறது. பக்கத்துக் கட்டடங்களோடு ஒப்பிட்டால் சிறியது. கப்பித்தான் இல்லத்தில் இருக்கும் கூட்டம் இங்கே இல்லை. நான் அதிக நேரம் நின்றது இங்கேதான்.

ஜப்பானிடமிருந்து கம்பெனி முதலில் வாங்கியது வெள்ளி. வெள்ளி வெளியேறுவதைக் கண்டு அஞ்சிய ஷோகனின் அரசு 1668இல் அதன் ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதன்பின் செம்பே முதன்மைச் சரக்காயிற்று. ஷிகோகு தீவில் 1691இல் பெஸ்ஷி சுரங்கம் திறக்கப்பட்டது. ஒசாகாவில் சுமிட்டோமோ போன்ற குடும்பங்கள் செம்பை உருக்கிச் சுத்தம் செய்து, ஏற்றுமதிக்கென்றே ஒரு வடிவில் வார்த்தன. ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய கம்பி போன்ற பாளம். உருகிய செம்பை வெந்நீருக்குள் வைத்த வார்ப்பில் ஊற்றுவார்கள். அதனால் மேற்பரப்பு கருக்காமல் செம்பருத்தி போலச் சிவந்த நிறம் பெறும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஆசியச் சந்தைகளில் ஜப்பானியச் செம்பு என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். டெஜிமாவில் அவற்றை எடைபோட்டு, 100 கின், அதாவது ஏறத்தாழ 60 கிலோ கொள்ளும் மரப்பெட்டிகளில் அடுக்கி ஆணியடித்தார்கள். பளு தூக்கும் கூலிகள் பெட்டியைக் கடல்வாயிலுக்குச் சுமந்தார்கள். படகு அங்கிருந்து நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்குக் கொண்டுசென்றது. செம்பும் தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் 1715இல் ஆண்டுக்கு இரண்டு கப்பல் என்றும் 1790இல் ஒரே கப்பல் என்றும் அரசு குறைத்தது.

இந்தச் செம்பில் மிகச் சிறு பகுதிதான் ஐரோப்பா போனது. பெருமளவு ஆசியாவுக்குள்ளேயே, அதிலும் சோழமண்டலத்துக்கும் வங்காளத்துக்கும் குஜராத்துக்கும் விற்பனைக்கு வந்தது. கம்பெனியின் கணக்கு எளியது. மொலுக்காஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க அங்குள்ளவர்கள் கேட்டது இந்தியத் துணி. சோழமண்டலத்து நெசவாளரிடம் துணி வாங்கக் காசு வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வெள்ளி கொண்டுவருவதைக் குறைக்க, ஜப்பானின் உலோகத்தை இங்கே விற்றுத் துணி வாங்கினார்கள். நாகசாகியில் பெட்டியில் அடைத்த செம்பு நம் கரையில் குடமாகவும் அண்டாவாகவும் காசாகவும் உருமாறியது. நாகப்பட்டினத்தில் கம்பெனி அச்சடித்த செப்புக் காசுகளில் ஒரு பக்கம் ஊர்ப்பெயர் தமிழ் எழுத்தில் இருக்கிறது. செம்புக் கிடங்கில் அந்தக் காசு ஒன்றை வைத்து, பாளத்திலிருந்து காசு வரையான பயணத்தைக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! செம்பு எப்படித் தோண்டப்பட்டது, எப்படி உருக்கப்பட்டது என்பதெல்லாம் சிறப்பாக விளக்கப்பட்டிருக்கிறது. கப்பல் ஏறிய பிறகு அது என்ன ஆயிற்று என்ற பகுதிதான் மெலிந்திருக்கிறது.

துணியும் எதிர்த்திசையில் வந்தது. சாந்தோம் பெயராலேயே ஜப்பானியர் அறிந்திருந்த கோடு போட்ட பருத்தித் துணி எடோ நகரத்து நாகரிக மனிதர்கள் விரும்பி உடுத்தியது. இறக்குமதி போதாமல் போக, கவகோயே முதலிய ஊர்களில் ஜப்பானிய நெசவாளர்களே அதைப் போல நெய்யத் தொடங்கினார்கள். சாயவேர்ச் சிவப்பில் எழுதிய நம் பூத்துணிகளை ஜப்பானில் சரசா என்கிறார்கள். உடுப்பாகத் தைக்கும் அளவுக்கு எல்லோருக்கும் கட்டுப்படியாகாத விலை. தேநீர்ச் சடங்குக் கலன்களுக்குச் சிறு பை தைக்கவும் ஏடுகளில் ஒட்டிச் சேர்க்கவும் துண்டுதுண்டாக வாங்கினார்கள். ஹிகோனே பகுதியை ஆண்ட ஈய் குடும்பம் சேர்த்த இந்தியத் துணித் துண்டுகள் சுமார் 450, டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நெய்த இடத்தில் கந்தலாகிப்போன வகைகள் அங்கே உள்ளங்கை அகலத் துண்டாகப் பிழைத்திருக்கின்றன.

டெஜிமாவைப் பார்த்த பிறகு நம் கரையின் நிலை மனத்தை வருத்தாமல் இல்லை. பழவேற்காட்டில் 1613இல் எழுந்த கெல்திரியாக் கோட்டை முட்புதர் மூடிய மேடாகக் கிடக்கிறது. அங்கே டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும், சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையையும் இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. நாகப்பட்டினத்துக் கோட்டையில் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. அந்நியர் கட்டியதை ஏன் காக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. டெஜிமாவும் அந்நியரை அடைத்துவைத்த இடம்தான். அங்கே காப்பாற்றப்பட்டிருப்பது டச்சுக்காரரின் பெருமை அன்று. எடைபோட்டவர், மொழிபெயர்த்தவர், சுமந்தவர், சமைத்தவர் என்று நாகசாகி மக்கள் செய்த வேலையின் வரலாறு. பழவேற்காட்டிலும் துணி நெய்தவர், சாயம் தோய்த்தவர், படகு வலித்தவர் எல்லாரும் நம்மவரே. அவர்கள் வேலையைச் சொல்ல அங்கே ஒரு கூரையாவது வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: நகரப் பக்கத்துப் பாலத்தின் வழியாக நுழையுங்கள், அப்போதுதான் வரிசை புரியும். கப்பித்தான் இல்லத்தில் கூட்டம் கூடுமுன் காலையிலேயே அதை முடித்துவிட்டு, பலர் தவறவிடும் கிழக்குப் பகுதிக்கு வாருங்கள். 1878இல் கட்டிய வெளிர்நீல இறையியல் பள்ளியும் 1903ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் மன்றக் கட்டடமும் அங்கே அசலாகவே நிற்கின்றன. தீவு மறைந்துகொண்டிருந்த காலத்துக்கு அவை சாட்சி. 1976இல் அமைத்த, பதினைந்தில் ஒரு பங்கு அளவிலான தீவின் மாதிரியும் அந்தப் பக்கம்தான். அகழாய்வில் கிடைத்த களிமண் புகைக்குழாய்களையும் வெட்டுத்தழும்புள்ள மாட்டெலும்புகளையும் பார்த்துவிட்டுச் செம்புக் கிடங்குக்குச் செல்லுங்கள். பெட்டியில் அடுக்கிய பாளங்களைப் பார்க்கக் குறைந்தது அரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.